நாய்க்கு அல்ட்ராசவுண்ட் மெஷின் வெச்சவங்க இருந்தா வாங்க, என் கதைய முதல்ல சொல்லிடறேன்

கோத்தகிரிக்காரன்:

எங்க சிப்பிப்பாறை நாய் போன ஜனவரில உள்தொடை சதைய பிச்சுக்கிச்சு, தப்பு என் மேலதான். காலைல ஆறு மணி, புல்லு மேல வெள்ளையா உறைபனி, பத்து நிமிஷம் நடக்க வெச்சு உடம்ப சூடாக்கிட்டு விடணும்னு தெரியும், சோம்பேறித்தனத்துல நேரா லூர் பின்னாடி விட்டுட்டேன் (லூர்னா நாய் துரத்தறதுக்கு பழைய பைக் ரிம்ல கயிறு சுத்தி நுனில பாலிதீன் பை, உயிர் முயல்லாம் கிடையாது சாமி, அது வனத்துறை கேஸ்). திரும்புற இடத்துல வீல்னு ஒரு சத்தம். அப்புறம் கால ஊனவே இல்ல.

வெட் டாக்டர் தடவிப் பாத்துட்டு சதை லேசா கிழிஞ்சிருக்கு, முதல் மூணு நாள் ஐஸ் மட்டும், சூடு ஆகவே ஆகாது, அப்புறமா அல்ட்ராசவுண்ட் குடுக்கலாம்னாங்க (ஸ்கேன் இல்ல, ஒலி அலைய சதைக்குள்ள விட்டு சூடு குடுக்குற சிகிச்சை). தினமும் ஊட்டி போய்ட்டு வர்றதுக்கு நம்மால ஆகாது, அதனால கீழ கோயமுத்தூர்ல மூடின ஒரு பிசியோ கிளினிக்கோட பழைய மெஷின வாங்கினேன். வித்தவர் ஆன் பண்ணி நாய் பக்கத்துல காட்டினார், நாய் காத தூக்கிச்சு, "பாருங்க தம்பி, அதுக்கு கேக்குது, மெஷின் பக்கா"ன்னார். நானும் நம்பிட்டேன்.

மூணு வாரம் தினமும் டாக்டர் எழுதிக் குடுத்தபடி ஜெல் தடவி ஹெட்ட (ஒலி வர்ற, தோல் மேல வெச்சு தேய்க்கிற கைப்பிடி) சுத்தினேன். லைட் எரியுது, டைமர் ஓடுது, முடிஞ்சா பீப் அடிக்குது. நொண்டறது அப்படியேதான் இருக்கு. அப்பதான் ஒருத்தர் சொன்னார், ஹெட்ட மேல் பாத்து பிடிச்சு ஓரத்துல பிளாஸ்திரி சுத்தி சின்ன கிண்ணம் மாதிரி பண்ணி நாலு சொட்டு தண்ணி விட்டு ஆன் பண்ணு, நல்ல மெஷின்னா தண்ணி நடுவுல குமிழ் விட்டு துள்ளும்னு. பண்ணினேன். தண்ணி அசையவே இல்ல, என் மூஞ்சிதான் அதுல தெரிஞ்சுது. மூணு வாரமா நாய்க்கு வெறும் ஜெல் மசாஜ் பண்ணிருக்கேன்.

உங்க யாருக்காவது இப்படி ஆச்சா?

குன்னூர் பயோமெடிக்கல்:

அண்ணா, நான் இந்த மாதிரி மெஷின் சர்வீஸ் பண்றவன். காது விஷயம் மொதல்ல. நாய்க்கு சுமாரா 45,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், உங்க மெஷின் 1 மெகாஹெர்ட்ஸ்னா (சுருக்கமா 1 மெகா) 10 லட்சம் ஹெர்ட்ஸ், எந்த நாய்க்கும் அது கேக்காது. அது காத தூக்கினது ஸ்விட்ச் சத்தத்துக்கோ உள்ள இருக்குற ஃபேனுக்கோ.

பழைய மெஷின்ல நான் அதிகம் பாக்குறது ஹெட்டுக்கு போற கேபிள் கழுத்துகிட்ட உள்ளயே அறுந்து போறதுதான், ஹெட்ட ஒருதரம் கீழ போட்டா ஒலிய உண்டாக்குற கிரிஸ்டலும் விரிசல் விடும், ரெண்டுலயும் பேனல் லைட் ஜோரா எரியும். தண்ணி டெஸ்ட் ரெண்டு மூணு செகண்டுக்கு மேல வேண்டாம், காத்துல ஓட்டினா கிரிஸ்டல் சூடேறி போயிடும். புது மெஷின் சிலது தொடுப்பு இல்லன்னா தானா கட் ஆகும், அதுக்கு ஹெட்ட தண்ணிக்குள்ள முக்கி மேல் பாத்து வெச்சு மேல்மட்டம் முட்டிக்கிட்டு வருதான்னு பாக்கணும்.

ஆனா துள்ளுச்சுன்னா ஏதோ வருதுன்னு மட்டும்தான் அர்த்தம், எவ்வளவு வருதுன்னு தெரியாது. அத அளக்கத்தான் பவர் மீட்டர், எப்படி வேலை செய்யுதுன்னா தராசுதான் அது. கிண்ணத்துல அடில ரப்பர் போட்டு தண்ணி ஊத்தி தராசுல வெச்சு, ஹெட்ட தனியா ஸ்டாண்டுல மாட்டி தண்ணிக்குள்ள கீழ் நோக்கி விட்டா ஒலியே தள்ளுது, 10 வாட்டுக்கு கிட்டத்தட்ட 0.7 கிராம் காட்டும். நகைக்கடை தராசு மாதிரி 0.01 கிராம் காட்டறதுலயே நான் ஒருதரம் போட்டுப் பாத்தேன், சுமாரா ஒத்து வந்துச்சு, மீட்டருக்கு அது ஈடாகாதுதான். பேனல்ல போட்டதுல இருந்து 20 சதவீதம் முன்னபின்ன இருக்கலாம்னு விட்டுடுவாங்க, பாதிதான் வருதுன்னா ரிப்பேர்.

கூடலூர் சித்தப்பா:

நான் கொஞ்ச வருஷம் ஆஸ்திரேலியால கிரேஹவுண்ட் பந்தய நாய் வளர்க்குற கென்னல்ல வேலை பாத்தவன். நான் இருந்த டிராக்ல நாய் எப்பவும் இடப்பக்கமாத்தான் வளையும், அதனால வலது பின்னங்கால் கணுக்கால் எலும்பு ஒடையறது அங்க சர்வ சாதாரணம், உள்தொடை சதை கிழியறதும் அப்படித்தான். ஓடி முடிச்ச மறுநாள் ட்ரெய்னர் கண்ண மூடிட்டு விரலாலயே ஒவ்வொரு சதையா தடவுவாரு, மெஷின் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

தம்பி ஒரு விஷயம் கேக்கணும், முடிய ஷேவ் பண்ணியா? சிப்பிப்பாறைக்கு முடியே இல்லையேன்னு எல்லாரும் விட்டுடறாங்க. அந்த குட்டை முடிக்குள்ளயும் காத்து நிக்கும், முடியே சூட்ட வாங்கிக்கும், சதைக்கு ஒண்ணும் போகாது. பிளேடு போட்டு வழிச்சிடு. அப்புறம் தொடை உள்பக்க சதை மேலாப்புலதான் இருக்கு, 3 மெகா சரியா இருக்கும், 1 மெகா ஆழமான எடத்துக்கு. பாதம், விரல் மாதிரி ஹெட்டு ஒழுங்கா உக்காராத எடம்னா தண்ணில முக்கி குடுப்பாங்க, அதுக்கு கொதிக்க வெச்சு ஆறின தண்ணி எடு, குழாய் தண்ணில இருக்குற குமிழ் குறுக்க நிக்கும்.

கொடைக்கானல் அக்கா:

எங்க கன்னி நாய்க்கு முழங்கைகிட்ட நான் ஹெட்ட ஒரே எடத்துல நிறுத்திட்டு போன் பேசிட்டு இருந்தேன். எலும்பு மேல நின்னா சூடு அங்கயே குவியுமாம், வெளித்தோல்ல ஒண்ணும் தெரியாது. அது ஒருதரம் தலைய திருப்பி என்ன பாத்துச்சு, நான் கண்டுக்கல, அடுத்தது என் மணிக்கட்டுதான். ஊசி போட்டுட்டு வந்தேன். கை நகந்துகிட்டே இருக்கணும்ப்பா. குட்டிங்களுக்கு எலும்பு நுனி வளர்ற எடத்துல வெக்கவே கூடாதுன்னு டாக்டர் திட்டினாங்க, அது தனி கதை. இங்க குளிருக்கு ஜெல்ல சுடுதண்ணில வெச்சு வெதுவெதுன்னு ஆக்கிட்டு போடுங்க, இல்லன்னா நாய் துள்ளி ஓடும்.

கோத்தகிரிக்காரன்:

சித்தப்பா, ஷேவ் பண்ணல, வெக்கமா இருக்கு. கேபிள் கழுத்துல அறுந்துதான் இருந்துச்சு, குன்னூர் தம்பிகிட்டயே குடுத்தேன், மாத்தி மீட்டர்லயும் வெச்சு பாத்துக் குடுத்தாப்ல. நேத்து பிளாஸ்திரி சுத்தி தண்ணி விட்டு ஆன் பண்ணேன், நடுவுல பொங்கி முகத்துல தெறிச்சுது, வீட்டுல அம்மா பால் பொங்கிடுச்சான்னு கேட்டுட்டே வந்தாங்க. திரும்ப ஆரம்பிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டாச்சு, திங்கட்கிழமை வரச் சொல்லிருக்காங்க. தொடைல முடி வழிச்சாச்சு, இந்த குளிர்ல அதுக்கு ஒரு சாக்குப் பை தெச்சுட்டு இருக்கேன்.