டால்பினுக்கு ஏன் மணி வரவில்லை?

பதினோராம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். கடல் உணவு வலைக்கு வழக்கமாக நூல்கண்டு விளையாட்டுதான். மாணவர்கள் ஆளுக்கொரு உயிரினமாக நிற்பார்கள்; யார் யாரைத் தின்கிறார்களோ அவர்களுக்கு நடுவே நூல். ஒருவர் விட்டால், இழுப்பை உணர்ந்தவர் உட்கார வேண்டும். ஒரே நிமிடத்தில் வகுப்பே உட்கார்ந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பாடம் தப்பு. ஆக்கிரமிப்பு உயிரினம் (வெளியிலிருந்து வந்து பெருகிக் கெடுக்கும் உயிரினம்) வந்தால் கடலே அழியும் என்றுதான் தேர்வில் எழுதினார்கள். உண்மையில் சில குறையும், சில பெருகும்.

இந்த முறை நூலுக்குப் பதில் கோக்கிற மணிகள்; ஒரு மணி என்றால் ஒரு பங்கு உணவு. கருங்கடல் கதை. மிதவைப் பாசியாக நின்றவர்கள் விலங்கு மிதவைகளுக்கு (நீரில் மிதக்கும் சின்னஞ்சிறு விலங்குகளுக்கு) மணி தர, அவர்கள் நெத்திலிக்கு, நெத்திலி டால்பினுக்கு. இரண்டு சுற்று நன்றாக ஓடியது. மூன்றாவது சுற்றில் ஒரு மாணவியைச் சீப்பு ஜெல்லியாக (ஜெல்லிமீன் போலத் தோன்றும் கடல் உயிரி) உள்ளே அனுப்பினேன். நீமியோப்சிஸ் என்ற இந்த உயிரி, அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்திலிருந்து கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிக்கொள்ளும் நிலைப்பு நீரோடு 1980களில் அங்கே போய்ச் சேர்ந்தது. விலங்கு மிதவைகளையும் தின்னும், மீன் முட்டைகளையும் தின்னும். அவள் நெத்திலிக்கு முன்னால் போய் மணிகளை வாங்கிக்கொண்டாள்.

டால்பினாக நின்ற பையன் வெறுங்கையோடு, "அவ என் பக்கமே வரலையே மிஸ், எனக்கு ஏன் வரல?" என்றான். அந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டிருக்கிறேன்!

அடுத்து இன்னொருத்தி கேட்டாள்: "ஜெல்லிகிட்ட சேர்ந்த மணியெல்லாம் யாருக்குப் போகும்?" யாருக்கும் போகவில்லை, அதுதான் சிக்கல். அதன் சொந்தக் கடலில் அதைத் தின்ன ஆள் உண்டு. கருங்கடலில் 1997இல் பெரோயி என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி தென்பட்ட பிறகுதான் நீமியோப்சிஸ் குறைந்தது. பெரோயிக்குச் சாப்பாடே மற்ற சீப்பு ஜெல்லிகள்தான். "அப்போ முதல்லயே கொண்டுவந்து விட்டிருக்கலாமே" என்று பாதி வகுப்பு கத்தியது. பெரோயியும் வெளியிலிருந்து வந்ததுதான் என்றதும் அமைதியானார்கள்.

*

மிஸ், மணி யோசனையை என் வகுப்புக்கு நானும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேருங்கள். கருங்கடலில் நெத்திலி சரிந்ததற்கு ஜெல்லி மட்டும் காரணமில்லை. அதற்கு முன்பே மிதமிஞ்சிப் பிடித்து மீன்வளத்தை மெலிய வைத்திருந்தார்கள். மீனவராக ஒரு மாணவரை நிறுத்தாவிட்டால் எல்லாப் பழியும் ஜெல்லி தலையில் விழும். என் வகுப்பில் சிங்கமீன் பாடத்தில் இதே தவறைச் செய்தேன். அட்லாண்டிக்கில் அது பவளப்பாறைக் குஞ்சுமீன்களை வாரித் தின்கிறது என்று மட்டும் சொல்லி முடித்தேன். இந்தோ-பசிபிக் கடல்களில் அதே மீன் பாறைக்குப் பாறை சாதாரணமாக வாழ்கிறது என்பதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் அதைக் கெட்ட மீன் என்றே எழுதிவைத்தார்கள்.

*

நீங்கள் சொல்வது சரி சார். வியாழக்கிழமை இன்னொரு பிரிவுக்கு இதே பாடம். மீனவரை முதல் சுற்றிலேயே நிறுத்துகிறேன். ஜெல்லி வராத ஒரு வட்டத்தையும் பக்கத்திலேயே ஓடவிட்டு, இரண்டிலும் நெத்திலியிடம் மிஞ்சும் மணிகளை அவர்களையே எண்ணச் சொல்லப் போகிறேன்.