குவாண்டத்தில நேரம் பின்னுக்கு ஓடுமா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க

கல்லடிப் பொடியன்:
ஏஎல் மெத்ஸ் செய்யிறன். ஐபிஎம் குவாண்டம் கம்ப்யூட்டர்ல விஞ்ஞானிகள் நேரத்தத் திருப்பிட்டாங்க எண்டு யூடியூப்ல ஒரு வீடியோ பாத்தன், அதில இருந்து மண்டைக்குள்ள இதுதான் ஓடுது. நியூட்டன்ட விதியில நேரத்துக்கு மைனஸ் போட்டாலும் சமன்பாடு அப்படியே சரியாத்தான் வருது, குவாண்டத்திலயும் அப்படித்தானாம். அப்ப ஏன் ஒண்டுமே திரும்பி நடக்கிறத நாம காணுறதில்ல? வீடியோ உண்மையா, சும்மா வியூஸுக்குப் போட்டதா?

அக்கரைப்பற்று காக்கா:
நேரம் திரும்புமெண்டா முதல்ல டொலர் 180 ரூவாக்கு இருந்த காலத்துக்குத் திருப்பச் சொல்லுங்க தம்பி, மத்ததெல்லாம் பொறகு பாப்பம்.

வந்தாறுமூலை அக்கா:
தம்பி, விசயம் உண்மை, தலைப்புத்தான் பொய். 2019 மார்ச்ல லெசோவிக் எண்டவரும், மொஸ்கோ ஆக்களும், அமெரிக்காவில ஆர்கோன் ஆய்வுகூடத்து ஆக்களும் சேந்து சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ் எண்ட ஆய்வுச் சஞ்சிகையில போட்ட பேப்பர் அது. அவங்க செஞ்சது என்னெண்டா, ரெண்டு கியூபிட்ட (குவாண்டம் கம்ப்யூட்டர்ட ஆகச் சின்னத் தகவல் அலகு) ஒழுங்கான ஒரு நிலையில வெச்சி, அதக் குழம்ப விட்டு, மறுகா ஒரு புறோகிராம் ஓட்டி அந்தக் குழம்பின நிலையத் தலைகீழாக்கி, திரும்ப அதே விதிப்படி முன்னுக்கே ஓட விட்டாங்க, அது தொடங்கின நிலைக்கு வந்து நிண்டுது. ரெண்டு கியூபிட்டுக்கு 85 வீதம் சரிவந்துது, மூண்டு ஆக்கினதும் 50 வீதத்துக்குக் கிட்ட விழுந்துட்டு. அவ்வளவு நேரமும் அந்த லேப் சுவர்ல இருந்த மணிக்கூடு முன்னுக்குத்தான் ஓடினது, கவனி. திரும்பினது கியூபிட்ட நிலை மட்டும்.

இந்த வேலை புதுசும் இல்ல. 1950ல எர்வின் ஹான் ஸ்பின் எக்கோ எண்டு ஒண்டு கண்டுபிடிச்சார். கல்லடிப் பாலத்தடியில இருந்து பத்துப் பேர் ஒண்டா சைக்கிள்ல காத்தான்குடிப் பக்கம் வெளிக்கிடுறாங்க எண்டு வை, ஆளாளுக்கு ஒரு வேகம், கொஞ்சத்தில ரோட்டு முழுக்கச் சிதறிடுவாங்க. இப்ப விசில் அடிச்சோண்ண எல்லாரும் கிறுகி அவனவன்ட அதே வேகத்தில வந்தா, பாலத்தடிக்கு ஒரே நேரத்தில வந்து சேருவாங்க. ஸ்பின் எக்கோவில இப்பிடிச் சிதறுறது சுழலுற அணுக்கருக்கள், அதுகளுக்கு அந்த விசில் ஒரு ரேடியோ அலைத் துடிப்பு. எம்ஆர்ஐ ஸ்கான்ல இண்டைக்கும் இதப் பாவிக்கிறாங்க, ஆனா ஸ்கான் எடுத்துட்டு வாறவர் வயசு குறைஞ்சு வாறதில்ல.

கல்லடிப் பொடியன்:
அக்கா விளங்குது. அப்ப விசில் அடிக்க ஆள் இல்லாம தானா திரும்பாதா? சமன்பாடுதான் ரெண்டு பக்கமும் விடுதே.

வந்தாறுமூலை அக்கா:
விடுது, ஆனா நேரத்துக்கு மைனஸ் போட்டா மட்டும் காணா. சிக்கலெண் படிச்சிருப்பாய்தானே, குவாண்டத்தில ஒரு நிலை எப்படி மாறுது எண்டு சொல்லுற ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில, அந்த நிலையக் காட்டுற அலைச்சார்புட கற்பனைப் பகுதிட குறியையும் சேத்து மாத்தணும், விக்னர் எண்ட விஞ்ஞானி 1932ல காட்டினது இதுதான். பேப்பர்ல அத செஞ்சது மனிசர் எழுதின புறோகிராம். இயற்கை தானாச் செய்யிறதுக்கு எவ்வளவு வாய்ப்பு எண்டும் அவங்களே கணக்குப் பாத்திருக்காங்க. செக்கனுக்கு 1000 கோடி இலத்திரன் வீதம் பிரபஞ்சத்திட வயசு முழுக்க, அதாவது 1370 கோடி வருசம், பாத்துக்கொண்டே இருந்தா ஒரே ஒரு தரம் நடக்கலாமாம். அதுவும் திரும்புறது ஒரு செக்கன்ல 1000 கோடியில ஒரு பங்குதான். ஒரு இலத்திரனுக்கே இந்தக் கதை.

சம்மாந்துறை வாசகன்:
அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனா சமன்பாடு எல்லா இடத்திலயும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எண்டு விட்டுட்டுப் போகவும் ஏலா, ஒரு விதிவிலக்கு இரிக்கி, எனக்கு இந்தப் பாடத்தில புடிச்ச இடமே அதுதான். 1964ல குரோனினும் ஃபிட்சும் கேயோன் எண்ட, அணுவிலும் சின்னத் துணிக்கை சிதையுறதில ஒரு சமச்சீர் (துணிக்கைக்குப் பதிலா எதிர்த்துணிக்கைய வெச்சி, கண்ணாடிப் பிம்பம் மாதிரித் திருப்பினாலும் விதி மாறாது எண்டது) உடையுறதக் கண்டாங்க, 1980ல நோபல் பரிசும் கிடைச்சுது. அது உடைஞ்சா கோட்பாட்டுப்படி நேரச் சமச்சீரும் உடையணும். 2012ல அமெரிக்காவில பாபார் எண்ட பரிசோதனையில பி மீசான் எண்ட துணிக்கைய வெச்சி நேரடியாவே பாத்துட்டாங்க: ஒரு நிலையில இருந்து இன்னொண்டுக்கு மாறுற வீதமும் அதில இருந்து திரும்பி மாறுற வீதமும் சமனில்ல. ஆனா நாம வயசு போறதுக்கும் தேத்தண்ணி ஆறுறதுக்கும் காரணம் இது இல்ல, அது எந்திரோப்பி, அதாவது குழப்பத்திட அளவு, கூடிக்கொண்டே போறதிட வேலை, பிரபஞ்சம் தொடங்கக்குள்ள எந்திரோப்பி மிச்சம் குறைவா இருந்ததால வந்தது. ரெண்டையும் போட்டுக் குழப்பித்தான் பாதி வீடியோக்காரன் உழைக்கிறான்.

கல்லடிப் பொடியன்:
நன்றி. பொசித்திரன் (இலத்திரன்ட எதிர்த்துணிக்கை) எண்டது நேரத்தில பின்னுக்குப் போற இலத்திரனாமே, பைன்மன் எண்ட விஞ்ஞானி சொன்னதாம், அதுவும் தலைப்பு வேலையா?

சம்மாந்துறை வாசகன்:
இல்ல தம்பி, அது பைன்மனும் ஸ்டூக்கெல்பெர்க் எண்ட இன்னொரு விஞ்ஞானியும் கணக்குச் செய்ய எடுத்த வழி. படத்தில அம்புக்குறி பின்னுக்குப் போகும், கணக்கும் சரியா வரும். ஆஸ்பத்திரில பெட் ஸ்கான்ல வாற பொசித்திரன் முன்னுக்குத்தான் போகுது, ஒரு இலத்திரனோட முட்டி ரெண்டு காமாக் கதிரா முடிஞ்சிடும்.