ஏற்காட்டு வீட்டில் கேஸ் கணப்பு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

ஏற்காட்டில் மாமனாரின் பழைய வீட்டில் விறகுக் கணப்பு இருக்கிறது, புகை அத்தைக்கு ஒத்துக்கொள்ளாததால் அதிலேயே கேஸ் கணப்பு வைக்கலாம் என்று பார்க்கிறோம். புகைபோக்கிக்குள் பறவைக் கூடு இருக்கும் போல. அதைச் சுத்தம் செய்து, காற்று ஒழுங்காக மேலே இழுக்கிறதா என்று சோதித்துத் தர சேலம் பக்கம் ஆள் இருக்கிறார்களா? அடைப்பு இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு அறைக்குள்ளேயே தங்கிவிடும், அதற்கு வாசனையே கிடையாது, பயமே அதுதான். எல்பிஜி காற்றைவிடக் கனம், அதனால் கசிவு அலாரம் தரையோரம் சரி, ஆனால் மோனாக்சைடு அலாரத்தை எங்கே மாட்டினீர்கள்? கணப்புக்கு கேஸ் கொண்டுவர சமையல் அடுப்பு டியூபே போதும் என்கிறார் கடைக்காரர், எனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம், சிலிண்டரை வெளியே வைத்துக் குழாய் இழுத்தவர்கள் வருடாந்திர சர்வீஸுக்கு யாரைக் கூப்பிடுகிறீர்கள்? டிசம்பர் குளிருக்குள் முடிக்கணும்.