ட்ரம்பெட், ட்ராம்போனுக்கு எந்த மைக் வாங்கலாம்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். எங்கள் இசைக்குழுவில் ஊதும் பித்தளைக் கருவிகள் மூன்று: இரண்டு ட்ரம்பெட், ஒரு ட்ராம்போன். பாடகர்களுக்குப் போக மிஞ்சிய மைக்கைத்தான் இதுவரை இவர்களுக்கு வைத்தோம். போன நிகழ்ச்சியில் ட்ரம்பெட் உச்சத்துக்குப் போனதும் மிக்ஸரில் ஒலி அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கெயினை (மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தேன், மெதுவாக ஊதும் இடமெல்லாம் டிரம்ஸுக்குள் காணாமல் போய்விட்டது. ட்ரம்பெட் வாசிப்பவர் எவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிறார் என்பது பக்கத்தில் நிற்கும் எனக்குத் தெரியும், கூட்டத்துக்குப் போய்ச் சேரவில்லையே என்று மனசு கேட்கவில்லை.

கையில் பணம் குறைவு. ஷூர் எஸ்எம்57 மூன்று வாங்கலாமா? டைனமிக் மைக், எவ்வளவு பலமாக ஊதினாலும் தாங்கும், ஃபேன்டம் பவரும் (மிக்ஸரிலிருந்து மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) வேண்டாம். ஆனால் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உள்ள கூர்மையான ஒலியை அது கொஞ்சம் தூக்கிக் காட்டும். ட்ரம்பெட் காதைக் குத்துமோ? 30 செ.மீ. தள்ளி, சற்றுச் சாய்த்து வைத்தால் சரியாகுமா?

அப்புறம் ட்ராம்போன். வாசிப்பவர் ஆடிக்கொண்டே ஊதுவார், ஸ்டாண்ட் மைக்கை விட்டு விலகிவிடுகிறார். கருவியின் அகன்ற முனையிலேயே மாட்டும் கிளிப் மைக் என்றால் தூரம் மாறாது. மலிவான கண்டென்சர் (இயங்க மின்சாரம் வேண்டிய வகை) கிளிப் வாங்கினால் எத்தனை டெசிபல் வரை தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும்? மேடையில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.