டிஸ்கஸ் மீன் கறுத்துப்போய் மூலையில் நிற்கிறது, தீனி எடுக்கவில்லை, அவசரம் (கோத்தகிரி)

கோத்தகிரி_மணி | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். டிஸ்கஸ் ஆறு வாங்கி இன்றோடு பன்னிரண்டு நாள். முதல் மூன்று நாள் நன்றாக இருந்தன, இப்போது நான்கு மீன் கறுத்துப்போய் பின்பக்க மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காலையில் செவுள் வேகமாக அடிக்கிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவு. ஹீட்டர் புதுசு. ஆறு மாதம் பணம் சேர்த்து வரவேற்பறையில் வைத்த தொட்டி. என்ன மருந்து போடுவது என்று யாராவது உடனே சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம்_செந்தில் | 9.52

மருந்து அப்புறம். தொட்டி எத்தனை லிட்டர், வெப்பம் எவ்வளவு, பிஎச் எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறீர்கள், மீன் எங்கே வாங்கியது, பில்டர் ஓடி எத்தனை நாள்? தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியா கலந்த தண்ணீரும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும்.

கோவை_டர்க்காய்ஸ் | 10.05

கழிவு வெள்ளையாக நூல் மாதிரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெரும்பாலும் குடல் ஒட்டுண்ணிதான். மெட்ரோனிடசோல் என்ற ஒட்டுண்ணி மருந்து, 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம். என் தொட்டியில் கறுத்த மீன் எல்லாமே அதில்தான் தேறியது.

டிஸ்கஸ்_வாத்தியார் | 10.31

பதினெட்டு வருடமாக டிஸ்கஸ் வளர்க்கிறேன், சென்னையில். இதே கேள்வி மாதம் இரண்டு முறை வருகிறது, இங்கே உள்ள பழைய பதிவுகளை ஒருமுறை படித்திருந்தாலே போதும். டிஸ்கஸ் அமேசான் மீன், 28 முதல் 30 டிகிரி, மென்மையான நீர், வெறும் கண்ணாடித் தரை, தினமும் பாதித் தண்ணீர் மாற்றம். இதைச் செய்ய முடியாதவர்கள் கோல்ட்பிஷ் வாங்குவது மீனுக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது. மணல், செடி, கட்டை என்று அலங்காரம் செய்திருப்பீர்கள், எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

கோத்தகிரி_மணி | 11.10

மன்னிக்கவும், வேலையாக இருந்தேன். தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம், தண்ணீர் சுமார் 300 லிட்டர். வெப்பம் 29, அதில் பிரச்சினை இல்லை. ஹீட்டர் 300 வாட். பிஎச் 6.4. மீன் சென்னை கொளத்தூர் சந்தையில் வாங்கியது. பில்டர் பஞ்சு என் பழைய கப்பி மீன் தொட்டியில் நான்கு மாதம் ஓடியது, அம்மோனியா சோதித்தேன், இல்லை. தண்ணீர் தினமும் கால் பங்கு மாற்றுகிறேன். மெல்லிய மணல், அமேசான் சோர்ட் செடி, நடுவில் ஒரு பெரிய தேயிலை வேர். கழிவு வெள்ளையா என்று தெரியவில்லை, நான்கு நாளாகச் சாப்பிட்டால்தானே.

குன்னூர்_அக்வா | 11.24

தேயிலை வேர்! அதை இந்த நிமிடமே எடுங்கள். மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குத் தோட்டம் முழுக்கச் செம்பு மருந்து அடிக்கிறார்கள். வருடக்கணக்கில் மண்ணில் இறங்கிய செம்பு வேர்க்கட்டையில் இருக்காதா? மலைத் தண்ணீர் மாதிரி உப்பு குறைந்த நீரில் செம்பு மீனுக்கு இன்னும் கடுமையாக ஏறும். நான் சில்வர் ஓக் கட்டைதான் போடுகிறேன், ஒரு குறையும் இல்லை.

கட்டபெட்டு_விவசாயி | திங்கள் காலை 6.15

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. மருந்து அடிப்பது இலைக்கு, வேருக்கு இல்லை. முப்பது வருடச் செடியைப் பிடுங்கி, மண் போகக் கழுவி, பட்டை உரித்து, இரண்டு மாதம் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் சாயம் இறங்குவதைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் மாற்றித்தான் என் தொட்டியில் வைத்தேன். அதில் இறால் இரண்டு வருடமாகக் குஞ்சு போடுகிறது. செம்பு இருந்தால் முதலில் சாவது இறால்தான். தெரியாமல் எங்கள் தோட்டத்தின் மேல் பழி போடவேண்டாம்.

குன்னூர்_அக்வா | 7.02

உங்கள் தோட்டத்தைச் சொல்லவில்லை. பெரிய தோட்டங்களில் மறுநடவுக்குப் பிடுங்கிப் போட்ட வேரை அப்படியே வண்டியில் ஏற்றி விற்கிறார்கள், அதில் யார் ஊறப்போட்டார்கள்? சிறு விவசாயி செய்கிற மாதிரி எல்லோரும் செய்வதில்லை.

கட்டபெட்டு_விவசாயி | 7.20

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சில்வர் ஓக்கும் அதே தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற மரம்தான், மருந்து புகை அதன் மேலும்தான் படுகிறது. பச்சை இலைக்கு விலை இல்லாமல் வேரை டீப்பாய்க்கும் மீன் தொட்டிக்கும் விற்றாவது நாலு காசு பார்க்கலாம் என்று இருக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. "விஷம்" என்று ஒரு வரி எழுதினால் அது போய்ச் சேருவது அவர்கள் வீட்டுக்குத்தான்.

மேட்டுப்பாளையம்_செந்தில் | 7.41

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள், மணியின் மீன் இன்னும் மூலையில்தான் நிற்கிறது. எனக்குத் தோன்றுவது வேறு. கொளத்தூர் மீன் பல தலைமுறையாகச் சென்னைத் தண்ணீரில் பிறந்தது, அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். கோத்தகிரி ஊற்றுத் தண்ணீரில் உப்பே கிடையாது. பையைப் பிரித்து நேராகத் தொட்டியில் விட்டீர்களா, சொட்டுச் சொட்டாகக் கலந்து விட்டீர்களா?

டிஸ்கஸ்_வாத்தியார் | 8.15

டிஸ்கஸுக்கு மென்மையான நீர்தான் இயற்கை. இது அடிப்படை. தினமும் பாதித் தண்ணீர் மாற்றச் சொன்னேன், அவர் கால் பங்குதான் மாற்றுகிறார். பிரச்சினை அங்கேயே இருக்கிறது.

கொடைக்கானல்_ராணி | 8.50

மணி தம்பி, கொடைக்கானலில் நாலாவது வருடமாக டிஸ்கஸ் வைத்திருக்கிறேன், முதல் டிசம்பரில் மூன்றைப் பறிகொடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஒரே கேள்வி. 29 டிகிரி என்றீர்களே, அது எத்தனை மணிக்குப் பார்த்தது?

நானும் தினமும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்துதான் தெர்மாமீட்டரைப் பார்ப்பேன், 29 காட்டும், நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுவேன். ஒருநாள் பால் வாங்க ஐந்து மணிக்கு எழுந்தவள் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தேன், ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் ஹீட்டர் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது, அது 26 காட்டியது, மறுமூலையில் வைத்தால் 23. கறுத்த மீன் எல்லாம் எந்த மூலையில் நின்றன தெரியுமா? ஹீட்டர் இருக்கிற மூலையில். உங்கள் ஹீட்டரும் பின்பக்க மூலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

தினமும் கால் பங்கு மாற்றுகிறீர்கள், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாடித் தொட்டியிலிருந்து நேராக என்றால் காலையில் அது 14 டிகிரி இருக்கும். 300 லிட்டரில் 75 லிட்டர் 14 டிகிரித் தண்ணீர் ஊற்றினால் 29-இல் இருந்த தொட்டி 25-க்கு இறங்கிவிடும். மறுபடி 29 ஆக, வெப்பம் வெளியே போகவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 300 வாட் ஹீட்டருக்கு நாலரை மணி நேரம் வேண்டும். வாத்தியார் சார் சொல்கிறபடி பாதி மாற்றினால் 21-இல் நிற்கும். சார், உங்கள் ஊரில் குழாயைத் திறந்தாலே பெரும்பாலான நாள் 28, 29 டிகிரியில் வருகிறது. அந்த யோசனை அங்கே சரி, இங்கே மீனைக் கொன்றுவிடும்.

நான் செய்வது: 100 லிட்டர் டிரம்மில் முந்தின நாளே தண்ணீர் பிடித்து, காற்றுக்கல் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு, தனி ஹீட்டரில் 29 வந்த பிறகுதான் ஊற்றுவேன். தொட்டிக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் அடியிலும் ஒரு அங்குலத் தெர்மாகோல். மேலே கண்ணாடி மூடி, இது மிக முக்கியம், திறந்த தொட்டியில் ஆவியாகிப் போகிற வெப்பம் கண்ணாடி வழியாகப் போவதற்குக் குறைவே இல்லை. உங்கள் தொட்டிக்கு மூடி உண்டா?

டிஸ்கஸ்_வாத்தியார் | 9.05

தண்ணீரைச் சூடாக்கி ஊற்றவேண்டும் என்பது சொல்லாமலே தெரிய வேண்டியது.

கொடைக்கானல்_ராணி | 9.11

சொல்லாமல் விட்டதால்தான் என் மூன்று மீன் போனது, சார். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அரவேணு_எலக்ட்ரீஷியன் | 9.30

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டரில் 300 வாட் என்று எழுதியிருப்பது 230 வோல்ட்டுக்கு. வோல்டேஜ் குறைந்தால் வாட் அதைவிட வேகமாகக் குறையும், வர்க்க விகிதம். 180 வோல்ட் வந்தால் 300 வாட் ஹீட்டர் 184 வாட் ஹீட்டர்தான். குளிர்காலத்தில் காலை ஐந்திலிருந்து ஏழு வரை எல்லா வீட்டிலும் கெய்சர் ஓடும், லைன் கடைசி வீடுகளுக்கு அப்போதுதான் வோல்டேஜ் படுத்துவிடும். அறையும் அந்த நேரத்தில்தான் மிகக் குளிராக இருக்கும். மணி அண்ணா, உங்கள் வீடு எஸ்டேட் ரோட்டில் கடைசியா? ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் காலை ஆறு மணிக்கு பிளக்கில் வைத்துப் பாருங்கள்.

கோவை_டர்க்காய்ஸ் | 10.02

வெப்பம் சரியானாலும் மெட்ரோனிடசோல் போட்டுவிடுவது நல்லது என்றுதான் இன்னும் சொல்வேன். குளிர் பட்ட மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், ஒட்டுண்ணி அப்போதுதான் தலைதூக்கும்.

மேட்டுப்பாளையம்_செந்தில் | 10.20

போடலாம், ஆனால் 24 டிகிரியில் போடவேண்டாம். முதலில் சூடு, பிறகு மூன்று நாள் பார்த்துவிட்டு மருந்து. காற்றுக்கல் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, சூடான தண்ணீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் கம்மி, இரண்டும் சேர்ந்தால் மீன் மூச்சுக்குத் திணறும். செவுள் அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோத்தகிரி_மணி | செவ்வாய் காலை 6.40

காலை 5.20-க்குப் பார்த்தேன். ஹீட்டருக்கு எதிர் மூலையில் 24.1. வோல்டேஜ் 176. மூடி இல்லை, அழகுக்காகத் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து நேராக, வேலைக்குப் போகுமுன் காலையில் மாற்றுவேன். ஆமாம், ஹீட்டர் மூலையில்தான் நிற்கின்றன.

அரவேணு_எலக்ட்ரீஷியன் | 6.55

176 என்றால் உங்கள் 300 வாட் அந்த நேரத்தில் 175 வாட்தான். ஒரு ஸ்டெபிலைசர், இன்னொரு 300 வாட் ஹீட்டர். 600 வாட் ஒன்றே வாங்கவேண்டாம். இரண்டாக இருந்தால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும், ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் மீன் வெந்துபோகாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஹீட்டர் போடாதீர்கள், பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், காற்று மோட்டாரை மட்டும் போடுங்கள்.

கொடைக்கானல்_ராணி | 7.05

இன்று தண்ணீர் மாற்றவே வேண்டாம், தீனியும் வேண்டாம். மூடிக்குக் கண்ணாடி வெட்டி வரும்வரை தெர்மாகோல் பலகையை மேலே வையுங்கள், ஓரத்தில் விரல் அளவு இடைவெளி விட்டு. சூட்டை அவசரமாக ஏற்றாதீர்கள், ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி ஏறினால் போதும். கரண்ட் போன ராத்திரிகளில் நான் இரண்டு லிட்டர் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி இறுக மூடி மிதக்கவிடுவேன், தொட்டியைச் சுற்றிக் கம்பளியும் போர்த்துவேன். செடியையும் வேரையும் எடுக்கவேண்டியதில்லை, மறைவு இருந்தால் மீனுக்குப் பயம் குறையும்.

குன்னூர்_அக்வா | 7.30

வேரை மட்டும் எடுத்து ஒரு மாதம் ஊறப்போடுங்கள். அதில் நான் மாறமாட்டேன்.

மேட்டுப்பாளையம்_செந்தில் | சனி இரவு 8.15

மணி, என்ன ஆயிற்று?

கொடைக்கானல்_ராணி | திங்கள் காலை 7.20

தம்பி, ஒரு வரி போடுங்கள், மனசு கேட்கவில்லை.

கோத்தகிரி_மணி | வியாழன் இரவு 10.05

ஒன்று இறந்துவிட்டது, போன வாரம் புதன்கிழமையே. மற்ற ஐந்தும் இருக்கின்றன. இரண்டு ஹீட்டர், ஸ்டெபிலைசர், மூடி, தெர்மாகோல் எல்லாம் போட்டாயிற்று, காலையில் இப்போது 28.6. மருந்து போடவில்லை. நேற்று பெரிய சிவப்பு மீன் கையிலிருந்தே தீனி எடுத்தது, நிறமும் திரும்பிவிட்டது. ராணி அக்காவுக்கு நன்றி, எல்லோருக்கும் நன்றி. காலை ஷிப்ட், தூங்கப் போகிறேன்.

கட்டபெட்டு_விவசாயி | வெள்ளி காலை 6.10

மீன் தேறியதில் சந்தோஷம் தம்பி. வேரை எடுத்தீர்களா, உள்ளேயே இருக்கிறதா?