அயான்டோபொரசிஸ்: கரண்ட் கொடுத்தும் லிடோகெயின் தோலைத் தாண்ட மறுக்கிறது

எம்.ஃபார்ம் மாணவி:
வணக்கம். அயான்டோபொரசிஸ், அதாவது மின்னோட்டத்தால் மருந்தைத் தோல் வழியே தள்ளும் முறையைச் செய்து பார்க்கிறேன். ஃபிரான்ஸ் செல்லில் (தோலின் ஒரு பக்கம் மருந்து வைக்கும் அறை டோனர், மறுபக்கம் அது வந்து சேரும் அறை ரிசெப்டர்) பன்றிக் காதுத் தோலை மாட்டி, மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிடோகெயின் ஹைட்ரோகுளோரைடு கடத்துகிறேன். டோனரில் 2 மி.லி., 1% மருந்து, பிஎச் 7.4 பிபிஎஸ்ஸில் (பிஎச் மாறாமல் காக்கும் பாஸ்பேட் உப்புப் பஃபர்) கரைத்தது. தோல் பரப்பு 1 ச.செ.மீ., 0.5 மில்லியாம்பியர். இரண்டு பக்கமும் பிளாட்டினம் கம்பி, ஆனோடு (பாசிட்டிவ் முனை) டோனரில், கேத்தோடு (நெகட்டிவ் முனை) ரிசெப்டரில். முதலில் ரிசெப்டரில் மருந்து நன்றாக ஏறுகிறது, அப்புறம் படுத்துவிடுகிறது. டோனர் கம்பியில் பொடிப்பொடியாகக் குமிழி. முனைகளை மாற்றிப் போடலாமா?

பதில் (ஆய்வு மாணவர்):
மாற்றாதீர்கள். லிடோகெயின் நேர்மின் அயனி, ஆனோடுதான் அதைத் தோலுக்குள் தள்ளும். சிக்கல் அந்தக் குமிழியில் இருக்கிறது. அது ஆக்சிஜன். பிளாட்டினம் கரையாது, அதனால் தண்ணீரே பிளந்து ஹைட்ரஜன் அயனியும் சேர்கிறது. அது சின்னது, படுவேகமாக ஓடும். மருந்து சுமக்க வேண்டிய மின்னோட்டத்தை அதுவே சுமந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பிஎச் ஏறக்குறைய 4.5-க்கு மேல் இருக்கும்வரை தோல் எதிர்மின்னேற்றத்தில் இருக்கும்; ஆனோடிலிருந்து கேத்தோடுக்கு நீர் ஓடி மருந்தையும் கூட்டிப் போகும். அதற்குக் கீழே போனால் அந்த உதவி போய்விடும், எதிர்த்திசையிலும் திரும்பலாம். டோனரை பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள்.

மாணவி:
தாள் 3 காட்டுகிறது அண்ணா! பஃபர் இருந்துமா?

பதில் (லேப் அக்கா):
ஓட்டம் நீண்டால் பஃபர் தீர்ந்துபோகும் தங்கச்சி. அந்த பிபிஎஸ்ஸே உனக்கு எதிரிதான். அதில் சோடியம் சுமார் 150 மில்லிமோலார், உன் லிடோகெயின் 37 தான். சோடியமும் நேர்மின் அயனி, மின்னோட்டத்தில் பெரும்பங்கை அதுவே சுமந்துவிடும். மருந்தை வெறும் நீரில் கரைத்து, பிஎச் 6 பக்கம் சரிசெய். லிடோகெயினின் பிகேஏ (பாதி மருந்து அயனியாக இருக்கும் பிஎச்) 7.9 என்பதால் அங்கே 99% அயனியாகவே இருக்கும்.

டோனரில் வெள்ளிக் கம்பி போடு. வெள்ளி குளோரைடை எடுத்துக்கொண்டு சில்வர் குளோரைடாகும், தண்ணீர் பிளக்காது. குளோரைடு மருந்து உப்பிலேயே இருக்கிறது: 2 மி.லி.யில் 74 மைக்ரோமோல், மணிக்குச் செலவு 18.7. மூன்று மணி நேரம் தாராளமாகத் தாங்கும். தீர்ந்தபின் ஓட்டினால் வெள்ளி அயனி தோலுக்குள் இறங்கிக் கறுக்க வைக்கும்.

ரிசெப்டரில் போடும் கேத்தோடுக்கு, இன்னொரு வெள்ளிக் கம்பியை முன்கூட்டியே உப்புத்தாளால் தேய்த்து, உப்புக் கரைசலில் பாசிட்டிவ் முனையில் கட்டிச் சாக்லேட் நிறம் வரும்வரை வை. ரிசெப்டரில் பிபிஎஸ் இருக்கட்டும்.

ஆய்வு மாணவர்:
மின்னோட்டம் முழுவதையும் லிடோகெயினே சுமந்தாலும் மணிக்கு 4.4 மி.கி.தான் உச்சம். அதைவிடக் கூடுதலாக வந்தால் தோலில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கரண்ட் இல்லாத செல் ஒன்றும் பக்கத்திலேயே ஓடட்டும்.