அப்பாவுக்கு டிமென்ஷியா: பெங்களூரில் ஒரு ஹோம் நல்ல ஹோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராமமூர்த்திநகர்க்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 79 வயது. தூரவாணி நகர் ஐ.டி.ஐ.யில் (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) டெலிபோன் அசெம்பிளியில் இருந்து ரிட்டயர் ஆனவர். அல்ஸைமர் என்ற மறதி நோய் என்று நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் சொல்லிச் சில வருஷம் ஆகிறது. இதுவரை வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டோம். இப்போது பொழுது சாய்ந்தால் போதும், "ஷிஃப்ட் பஸ் போயிடும், கதவைத் திற" என்று ஆரம்பித்துவிடுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு கேட் பக்கத்தில் நிற்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி, அவரைப் பிடித்து நிறுத்தத் தெம்பு இல்லை. போன மாதம் டின் ஃபேக்டரி சிக்னல் வரை போய்விட்டார். நல்லவேளை, ஒரு ஆட்டோக்காரர் சட்டைப் பையில் இருந்த நம்பரைப் பார்த்து எனக்கு போன் செய்தார்.

ஹென்னூர் பக்கமும் கனகபுரா ரோடு பக்கமும் சில ஹோம்களைப் போய்ப் பார்த்தோம். எல்லாமே பளபளவென்று இருக்கிறது. ரிசப்ஷனில் மீன் தொட்டி, பின்னால் தோட்டம், சிசிடிவி, மியூசிக் தெரபி. ஒருவர் மாதம் 45,000 கேட்கிறார், இன்னொருவர் 70,000. என்ன வித்தியாசம் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?

இன்னொரு கவலையும் உண்டு. கன்னடமும் இங்கிலீஷும் அப்பாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போது இரண்டும் போய்விட்டன, திருப்பத்தூர்த் தமிழ் மட்டும் பாக்கி. ஹோமில் சமாளிப்பாரா?

ரிட்டயர்ட் சிஸ்டர்:

தம்பி, நான் வார்டு நர்ஸாக இருந்து, கடைசி வருஷங்களில் இந்த ஊரில் ஒரு டிமென்ஷியா ஹோமில் நைட் இன்சார்ஜாக இருந்தவள். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மீன் தொட்டியை விடுங்கள். உங்களைக் காலை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் எந்த ஹோமும் நன்றாகத்தான் இருக்கும். குளிப்பாட்டி, டிபன் கொடுத்து, பவுடர் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். நீங்கள் சாயங்காலம் ஐந்தரைக்குப் போங்கள். இந்த வியாதியில் நிறையப் பேருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் கலக்கம் கூடும், சன்டவுனிங் என்பார்கள். உங்கள் அப்பாவின் ஷிஃப்ட் பஸ்ஸும் அதுதான். யாராவது ஒரு பாட்டி பையைக் கையில் எடுத்துக்கொண்டு "நான் வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவார். அப்போது பக்கத்தில் இருக்கும் பெண் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். "இதுதான் உங்க வீடு, உட்காருங்க" என்று அதட்டினால் ஒரு ரகம். கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன சமையல் என்று பேச்சுக் கொடுத்தபடியே ஒரு சுற்று நடத்திக் கூட்டி வந்தால் அது வேறு ரகம். டிவியை அலற விட்டுவிட்டு யாருமே திரும்பிப் பார்க்காவிட்டால் நீங்களும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம்.

அப்புறம் ஆள் கணக்கு. "மூன்று பேருக்கு ஒரு ஆள்" என்பார்கள். அதில் சமையல்காரர், டிரைவர், ரிசப்ஷன் பெண் எல்லோரும் அடக்கம். நீங்கள் கேட்க வேண்டியது, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் இந்த மாடியில் எத்தனை பேர் முழித்துக்கொண்டிருப்பார்கள், அவர்கள் பார்க்க வேண்டியது எத்தனை பேரை என்பதுதான். பாய் போட்டுப் படுத்துவிடுகிற ஆயாவைக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள். இரண்டு மணிக்கு எழுந்து கிளம்புகிறவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ராத்திரி ஆள் குறைந்த இடத்தில் மாத்திரை கூடிவிடும். குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் இந்த மாதிரி மனக்கலக்கத்தை அடக்கும் மாத்திரைகள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., புது ரக மாத்திரைகளுக்கு 2005-லும் ஹாலோபெரிடால் மாதிரி பழைய ரகத்துக்கு 2008-லும் எச்சரிக்கை போட்டது. அதற்காகக் கொடுக்கவே கூடாது என்றில்லை. வேறு வழியில்லாமல் டாக்டர் யோசித்துக் கொடுப்பதும் உண்டு. யார் எழுதிக் கொடுக்கிறார், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை குறைத்துப் பார்க்கிறார், டோஸ் ஏற்றினால் வீட்டுக்குச் சொல்வீர்களா, இதையெல்லாம் கேளுங்கள். மருந்து சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை மறைத்துக்கொண்டு காட்டினால் போதும். மதியத் தூக்கமெல்லாம் முடிந்த நேரத்திலும் ஹாலில் அத்தனை பேரும் தலை தொங்கி உட்கார்ந்திருந்தால் காரணம் வயது இல்லை.

கட்டி வைப்பதும் நடக்கிறது. நான் இருந்த இடத்திலேயே துப்பட்டாவால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவார்கள், "விழுந்துடுவாங்க சிஸ்டர்" என்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல டாக்டர் அனுமதித்தால்தான் கட்டலாம். ஆள் பற்றவில்லை என்பதற்காகக் கட்டக் கூடாது என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் மனநோய்க்கான விளக்கத்தில் ஞாபகக் கோளாறும் வருகிறது. அதனால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். "நாங்க சும்மா முதியோர் இல்லம்தான்" என்று நழுவினால், டிமென்ஷியாவுக்கென்று பயிற்சி எடுத்தவர்கள் யார் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

நான் இன்சார்ஜிடம் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: "அமைதியாக இருப்பவர் திடீரென்று ஒருநாள் கத்தி ரகளை செய்தால் என்ன செய்வீர்கள்?" யூரின் டெஸ்ட் எடுப்போம், மலச்சிக்கலா, பல் வலியா, புது மாத்திரை ஏதாவது ஆரம்பித்தோமா என்று பார்ப்போம் என்று சொன்னால் அங்கே விஷயம் தெரிந்த ஆள் இருக்கிறார். யூரின் இன்ஃபெக்ஷன் ஒன்றே இவர்களைத் தலைகீழாக மாற்றிவிடும். "ஊசி போட்டுத் தூங்க வைப்போம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாடு ருசியாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை.

கஸ்தூரி நகர் மருமகள்:

மொழி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நான் சொல்கிறேன். பின்னால் கற்ற மொழிகள் முதலில் போய், சின்ன வயதில் பேசியது கடைசி வரை நிற்பது இந்த வியாதியில் அடிக்கடி நடப்பதுதான். என் மாமியார் கும்பகோணம். இந்தி எப்போதுமே தெரியாது, கன்னடம் கொஞ்சம் வரும், அதுவும் போய்விட்டது. அவரைச் சேர்த்த இடத்தில் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் எல்லாம் ஜார்க்கண்ட், அஸ்ஸாம். தங்கமான பிள்ளைகள், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அத்தை "ஒண்ணுக்கு வருது" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. எழுந்து நின்றால் உட்கார வைப்பார்கள். நனைந்த பிறகு, "கன்ட்ரோல் இல்லை" என்று எழுதி டயப்பர் மாட்டிவிட்டார்கள். கன்ட்ரோல் இருந்தது, கேட்க ஆள்தான் இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். ஒண்ணுக்கு, தண்ணி, வலிக்குது, பசிக்குது, குளிருது, வேணாம் என்று அவர் சொல்லும் வார்த்தைகளை அவர் சொல்கிற மாதிரியே இந்தி எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தமும் போட்டுக் கட்டில் மேல் ஒட்டினோம். சமையல்காரர் கிருஷ்ணகிரிக்காரர், பகலில் அவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். உங்கள் அப்பாவுக்குக் கூடவே "ஷிஃப்ட் பஸ்" என்றால் என்ன என்றும் எழுதிக் கொடுங்கள். தெரிந்தவர்கள் "ஐயா, இன்னிக்கு ஆஃப்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். ஹோம் தேடும்போதே ஷிஃப்டுக்கு ஒருவராவது தமிழ் பேசுவாரா என்று கேளுங்கள். அந்த ஆளை நேரில் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், வாய் வார்த்தை வேண்டாம்.

பண விஷயம்: 45,000-க்கும் 70,000-க்கும் வித்தியாசம் பல சமயம் பில்லில்தான் தெரியும். டயப்பர், பிசியோ, ஆஸ்பத்திரிக்குக் கூட வரும் ஆள், எதெல்லாம் தனிக் கணக்கு என்று எழுதி வாங்குங்கள். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, வெளியே அனுப்பிவிடுவார்களா என்பதையும் சேர்த்து.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கஸ்தூரி நகரில் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டின் டிமென்ஷியா மையம் இருக்கிறது, 2010-லிருந்து. டே கேர் பற்றி அங்கே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நிரந்தரமாகச் சேர்க்கும் முன் பகல் நேரம் மட்டும் விட்டுப் பார்ப்பது அம்மாவுக்கும் மூச்சு விட இடம் கொடுக்கும்.

ஊர்ப்பாசம்:

என்ன சொன்னாலும் பெற்ற அப்பாவை ஹோமில் விடுவது மனசுக்கு ஒப்பவில்லை. வீட்டுக்கே ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாமே?

ரிட்டயர்ட் சிஸ்டர்:

வைத்துக்கொள்ளலாம். பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர், லீவு போட்டால் மாற்று ஆள், இவர்களையெல்லாம் மேய்க்க முட்டி வலிக்கார அம்மா. அவர் கேட்டது ஹோமை எப்படிப் பார்ப்பது என்று. அதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள் சார்.

ராமமூர்த்திநகர்க்காரன்:

சிஸ்டர், மேடம், இருவருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் ஒரு ஹோமுக்குச் சொல்லாமல் போனேன். "மற்ற ரெசிடென்ட்ஸின் பிரைவசி" என்று மேனேஜர் உள்ளே விடவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ரிட்டயர்ட் சிஸ்டர்:

முன்பின் தெரியாதவரை ரூமுக்குள் விடாதது சரிதான், அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "ஹாலில் ஒரு ஓரமாக அரை மணி உட்காருகிறேன், போட்டோ எடுக்க மாட்டேன், நாளைக்கு ஆறு மணிக்கு வரட்டுமா" என்று கேளுங்கள். அதற்கும் காலை பதினோரு மணிதான் என்றால் வேறு இடம் பாருங்கள். அப்பா உள்ளே போன பிறகு குடும்பம் எந்த நேரத்திலும் வரலாமா என்பதையும் கேளுங்கள். "முதல் ஒரு மாதம் வராதீங்க, செட்டில் ஆகணும்" என்று சொல்கிற இடத்தில் என் வீட்டு ஆளை நான் விட மாட்டேன்.

சேர்ப்பது என்று முடிவானால் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பேசுங்கள். இடையில் கூட்டிக்கொண்டு வந்தால் டெபாசிட் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் வேண்டும். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் கூட்டிப் போங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். டாக்டர் பெரும்பாலும் சனி, ஞாயிறு வர மாட்டார். புது இடம், புது முகம், பொழுது சாய்கிற நேரம் எல்லாம் சேர்ந்து அப்பா அலைபாய்ந்தால், போனில் கேட்டு ஒரு மாத்திரையை ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் அதை நிறுத்த வைப்பது பெரிய பாடு.